சாவும் ஈகையும் ஒரே கையெழுத்தில் வேண்டா

உறுப்புதான மேடைகளில் சிபியையும் கண்ணப்பரையும் அழைத்து வராத பேச்சாளர் அரியர். தமிழ் படித்த நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால், கருணைக்கொலையையும் உறுப்புதானத்தையும் ஒன்றாக முடிந்து ‘தியாகம்’ என்று போற்றும்போது நாம் மறுத்தாக வேண்டும்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட திருக்கழுக்குன்றத்தை 2008 செப்டம்பரில் நாடே அறிந்தது. விபத்தில் மூளைச்சாவுற்ற 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் ஈந்தனர். சென்னையில் காவல்துறை வழியொதுக்க, இதயம் ஒரு சிறுமியைச் சென்றடைந்தது. அங்கே சாவு முந்தியது; ஈகை பிந்தியது. அப்பிள்ளை இறக்க வேண்டுமென எவரும் எண்ணவில்லை. அவ்வீகையின் தூய்மை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

வரிசை மாறினால்? 2004 டிசம்பரில் ஐதராபாத்தில் தசைநலிவு நோயால் நலிந்துகொண்டிருந்த சதுரங்க வீரர் வெங்கடேஷ், உறுப்புகள் கெடுமுன் தம்மை இறக்கவிட வேண்டினார். ஆந்திர உயர்நீதிமன்றம் மறுத்தது. அவருள்ளம் பெரிது, ஐயமில்லை. மறுப்பும் சரியே. பிறருக்குப் பயன்படச் சாகலாம் என்று ஒருமுறை ஒப்பிவிட்டால், சாக மறுக்கும் நோயாளி தன்னலக்காரர் ஆகிவிடுவார்.

பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கனடாவிலும் நடக்கிறதே என்பர். நடக்கிறது. ஆனால், இறக்கும் முடிவையும் தானத்தையும் பிரித்து வைக்கவே அங்கும் விதித்துள்ளனர்.

இங்கே ஊசியிட்டு உயிர்போக்குவது குற்றம். எனினும் உயிர்காப்புக் கருவிகளை அகற்றவும், அதை முன்கூட்டியே எழுதி வைக்கவும் உச்சநீதிமன்றம் 2018இல் இடமளித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. ஆகவே கேள்வி நம் வாசலுக்கும் வரும். இதயம் நின்றபின் குருதியின்றி உறுப்புகள் விரைவில் கெடும். அறுவை மருத்துவர் முன்பே ஆயத்தமாய் நிற்க வேண்டும். அந்த அவசரமே நம் அச்சம்.

ஆழிப்பேரலைக்குப் பின் எர்ணாவூர்க் குடியிருப்பில் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. அவர்களும் ‘சம்மதம்’ தந்தவர்களே. முதியோரைத் தலைக்கூத்தல் என்று குளிப்பாட்டிச் சாகடித்த வழக்கமும் நம் தென்மாவட்டங்களுடையதே. வறுமையும் உறவினரின் சலிப்பும் கையெழுத்திடும் நாட்டில் எதைச் சுயவிருப்பம் என்பது?

உறுப்புதானத்தை நாம் எதிர்க்கவில்லை. இறக்கப்போகிறவர் தாமாக எழுதி வைத்தால் அதை மதிக்கவே சொல்கிறோம். கருவியை அகற்றும் முடிவு முதலில், தனியாக, வேறு மருத்துவர்களால் எடுக்கப்படட்டும். அது முடியும்வரை உறுப்பு என்ற சொல்லே அவ்வறையில் எழலாகாது. மருத்துவக் கட்டணப் பாக்கி எந்த முடிவிலும் குறுக்கிடலாகாது. இவ்வளவும் உறுதியானபின் சிபியை மேடையேற்றுங்கள். நாமும் வந்து கேட்கிறோம்.