வீணை வாங்கப் போய் நாம் கற்ற வியாபாரம்



துவரம்பருப்பு வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளிப் பார்க்கிறார். புடவை வாங்க வருகிறவர் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. ஆனால் சில சரக்குகள் இருக்கின்றன. வாங்குகிறவர் எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் அவை நல்லவையா, மட்டமானவையா என்று அவருக்குத் தெரியாது. விற்கிறவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட சரக்கை விற்கும்போது வியாபாரி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இந்த இதழில் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வீணை. ஜூஜுவாடியில் பேரிங்கும் பெயின்ட்டும் பலசரக்கும் விற்கிற நமக்கு வீணைப் பேச்சு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்பணம் போன கதை

மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவரின் மகள் ஆறு ஆண்டுகளாக வீணை கற்று வருகிறாள். ஆசிரியை வீட்டில் கிடந்த பழைய வீணையில்தான் சாதகம். “இனி இவளுக்குச் சொந்தமாக ஒரு நல்ல வீணை வேண்டும், தஞ்சாவூர் வீணையாகவே பாருங்கள்” என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அன்பருக்கு அரிசியில் எத்தனை ரகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும். வீணையில் ஒன்றும் தெரியாது. பெருநகரம் ஒன்றில் இருந்த பெரிய கடைக்குப் போனார். பளபளவென்று ஒரு வீணையைக் காட்டி, “இது ஏகாண்ட வீணை” என்று விலை சொன்னார்கள். அவர் முன்பணம் கட்டிவிட்டு வந்தார்.

மறுவாரம் ஆசிரியை உடன் சென்று பார்த்தார். குடமும் தண்டியும் சேரும் இடத்தில், அலங்காரப் பட்டைக்கு அடியில் மெல்லிய ஒட்டுக் கோடு ஓடியது. கேட்டதற்கு, “எல்லாக் கடையிலும் இப்படித்தான்” என்று பதில் வந்தது. முன்பணம் இன்று வரை திரும்பவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறோம். தஞ்சாவூர் வீணை பலாமரத்தில் செய்யப்படுவது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு இதில் தனி மதிப்பு உண்டு. குடம், தண்டி, யாளி முகம் வரையுள்ள கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3 தந்தி, ஆக 7 தந்திகள். தண்டியின் மேல் மெழுகில் பதித்த மெட்டுகள் 24. இந்த 24 மெட்டு அமைப்பை 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒட்டு வீணை மட்டமான சரக்கு அல்ல. நல்ல கைவேலைக்காரர் செய்த ஒட்டு வீணையில் எத்தனையோ பேர் கச்சேரி வரை வந்திருக்கிறார்கள். ஒட்டில் குற்றம் இல்லை. அதை ஏகாண்டம் என்று சொன்ன வாயில்தான் குற்றம்.

தஞ்சாவூரில் ஒரு நாள்

சூடுபட்ட அன்பர், தெரிந்தவர் மூலம் தஞ்சாவூரில் வாத்திய வியாபாரம் செய்யும் ஒரு பெரியவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். துணைக்கு நம்மையும் அழைத்தார். 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம். மகளும் ஆசிரியையும் உடன் வந்தார்கள்.

பெரியவர் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. “பாப்பா எத்தனை வருஷமா வாசிக்குது? தினம் எவ்வளவு நேரம்? உங்க ஊர்ல குளிர் எப்படி?” என்று கேட்டார். பிறகு மூன்று வீணைகளைக் கொண்டுவந்து வைத்தார். தண்டி நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாட்டில் பார்க்கச் சொன்னார். குடத்தை விரலால் தட்டிக் காட்டினார். தந்தியைச் சும்மா மீட்டிவிட்டு, பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டச் சொன்னார். அங்கே மேல் ஷட்ஜம் பிசகில்லாமல் பேச வேண்டும் என்றார். குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு தலைமுடி அளவு மாறி உட்கார்ந்தாலும் நாதம் அடங்கிவிடும் என்று காட்டினார். நாம் முப்பது ஆண்டு வியாபாரம் செய்தவர்கள். சரக்கின் குறையை எங்கே தேடுவது என்று வாங்குகிறவருக்கே சொல்லிக்கொடுக்கும் வியாபாரியை அன்றுதான் பார்த்தோம்.

பழைய காலத்துத் தந்த வேலைப்பாடு உள்ள வீணை கிடைக்குமா என்று அன்பர் ஆசையாகக் கேட்டார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-ல் செய்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கே தடை போட்டுவிட்டது என்றும், “பழசு, பாரம்பரியம்” என்று யாராவது விற்க வந்தால் வாங்குகிறவரும் மாட்டிக்கொள்வார் என்றும் எச்சரித்தார்.

மூன்றில் விலை கூடியது ஏகாண்ட வீணை. அன்பரின் கண் அதன் மேலேயே இருந்தது. ஏமாந்த ஆத்திரமும் சேர்ந்து, ஏகாண்டம்தான் வாங்குவது என்று முடிவோடு வந்திருந்தார். பையில் பணமும் இருந்தது. பெரியவர் தலையசைத்தால் போதும், வியாபாரம் முடிந்துவிடும். அவர் சொன்னது இதுதான்:

“ஐயா, இந்த மரம் இன்னும் நல்லா ஆறல. உங்க ஊருக்குப் போனா விரிசல் விடாதுன்னு என்னால சொல்ல முடியாது. நடுவுல இருக்கே, அது ஒட்டு வீணை. மரம் பழசு, மெட்டு சுத்தமா பேசுது. பாப்பாவை ரெண்டையும் வாசிக்கச் சொல்லி, நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க.”

அன்பர் கண்ணை மூடிக் கேட்டார். ஆசிரியையும் கேட்டார். ஒட்டு வீணைதான் வீட்டுக்கு வந்தது. விலையிலும் பல ஆயிரம் குறைவு.

பணம் எண்ணும்போது பெரியவர் இன்னொன்றும் செய்தார். செய்த ஆசாரிக்கு இவ்வளவு, தமக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னார். பில்லில் “பலாமரம், ஒட்டு வீணை” என்றும், செய்தவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். ஆறு மாதம் கழித்து மெழுகு இளகி இரண்டு மெட்டுகள் அசைந்தன. ஓசூர்ப் பக்கம் வேறு வேலையாக வந்த ஓர் ஆசாரியை வீட்டுக்கே அனுப்பிச் சரிசெய்து கொடுத்தார். ஆசாரியின் கூலியை அன்பர் கொடுத்தார். அதுவும் முன்பே பேசியதுதான்.

நட்டமா, லாபமா?

கணக்குப் பார்ப்போம். அன்று ஏகாண்ட வீணையை விற்றிருந்தால் பெரியவருக்குக் கூடுதல் வரும்படி. அதை அவர் விட்டார். ஆனால் அதே ஆசிரியையிடம் கற்கும் இன்னும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் அதன் பிறகு நேராகத் தஞ்சாவூருக்கே போனார்கள். பெருநகரத்துக் கடைக்கு நம் பகுதியிலிருந்து வீணை வாங்க இனி யார் போவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிசகிய வீணையால் போவது பணம் மட்டுமல்ல. மெட்டு சரியில்லாத வீணையில் பழகும் பிள்ளையின் காது, பிசகிய சுவரத்தையே சரி என்று எண்ணிப் பழகிவிடும். ஆறு வருட உழைப்பு அதனோடு போகும். வியாபாரியின் ஒரு பொய்யால் வாடிக்கையாளர் எவ்வளவு இழக்கிறார் என்பது எந்தப் பில்லிலும் வராது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737-ல் மறைந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரியின் பெயரை உள்ளே ஒட்டிய வயலின்கள் உலகெங்கும் ஏராளம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பிற்காலத்தில் தொழிற்சாலைகளில் செய்தவை. லேபிளைப் படித்து வாங்க முடியாது என்பதால்தான் அங்கும் வியாபாரியின் சொல்லுக்கு அத்தனை மதிப்பு. அந்த மதிப்பை விற்றுத் தின்றவர்களும் உண்டு. அரிய வயலின் வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த டயட்மர் மாஹோல்டு என்பவருக்கு மோசடி, கையாடல் குற்றங்களுக்காக வியன்னா நீதிமன்றம் 2012-ல் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நம்பி ஒப்படைத்த வாத்தியங்களிலேயே கை வைத்தார் என்பது வழக்கு.

ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்லது எது, கெட்டது எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் மட்டமான சரக்கின் விலையையே கேட்பார்; அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு சந்தையை விட்டே போய்விடும் என்பது அதன் சாரம். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நம் பாட்டன்மார் இதைப் படிக்கவில்லை. ஆனால் ஒரு கலப்படக்காரன் கடைத்தெருவையே கெடுப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி நம் கடைத்தெரு

ஜூஜுவாடிக்கு வருவோம். சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலம் நமக்கு மறக்காது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்த பிறகு வணிகவரிச் சாவடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற விலை வித்தியாசத்தை நம்பிச் செய்த வியாபாரமும் அதோடு குறைந்தது. அத்திப்பள்ளி கூப்பிடு தூரம். பெங்களூரு அதற்கு அடுத்து. கைப்பேசியில் விரலைத் தட்டினால் வீட்டு வாசலுக்குச் சரக்கு வருகிறது. விலையில் மட்டும் இவர்களோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது?

நம்மிடம் மிஞ்சியிருப்பது பெரியவரிடம் இருந்த அதே சரக்குதான்: தெரிந்தவன் சொல்லும் உண்மை. பட்டறை நடத்தும் இளைஞருக்குப் பேரிங் அசலா, டூப்ளிகேட்டா என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தெரியாது. நமக்குத் தெரியும். வீடு கட்டுகிறவருக்கு ஒயரின் உள்ளே இருப்பது சுத்தமான செம்பா என்று தெரியாது. நமக்குத் தெரியும். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்து இங்கே குடியேறியவர்களுக்கு ஊரில் மாமன், மச்சான் என்று விசாரிக்க ஆள் கிடையாது. நம் வாய்ச்சொல்தான் அவர்களுக்கு விசாரணை.

இதில் நம் எல்லோர் கையும் சுத்தம் என்று சொல்வதற்கில்லை. மெக்கானிக்குக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கமிஷன் கொடுத்து, அதைச் சரக்கின் விலையில் ஏற்றும் பழக்கம் நம்மிடமும் உண்டு. “போட்டியில் எல்லோரும் செய்கிறார்கள்” என்கிறோம். பெருநகரத்துக் கடைக்காரர் அன்பரிடம் சொன்னதும் ஏறக்குறைய அதே வாசகம்தான்.

“நேர்மை பேசினால் வாடகையும் மின்கட்டணமும் யார் கட்டுவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரியவர் தர்மத்துக்கு வியாபாரம் செய்யவில்லை. தம் கூலியைக் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். ஆனால் வெளிச்சத்தில் வாங்கினார். அறிவுக்குக் கூலி உண்டு. அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஒளித்து எடுக்கும்போதுதான் அது களவாகிறது.

ஆகவே உறுப்பினர்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, வாடிக்கையாளருக்குச் சோதிக்கத் தெரியாத சரக்கை விற்கும்போது, அது அசலா, மாற்றா, எந்தத் தயாரிப்பு என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுப்போம். வாயால் சொன்னதை எழுதித் தரத் தயங்கினால், சொன்னது பொய் என்றே பொருள். இரண்டு, இடையில் யாருக்காவது கமிஷன் இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவோம். மூன்று, விலை குறைந்த சரக்கே அவருக்குப் போதுமென்றால், அதை எடுத்துக் கொடுக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

மூன்றாவதுதான் கடினம். கைக்கு வந்த பணத்தை விடுவது எந்த வியாபாரிக்கும் எளிதல்ல. தஞ்சாவூரில் அன்று பெரியவர் முகத்தில் அந்தத் தயக்கம் ஒரு கணம் வந்து போனதை நாமும் பார்த்தோம். பிறகுதான் “மரம் இன்னும் ஆறல” என்றார்.

அன்பரின் மகள் அந்த வீணையில்தான் இன்றும் சாதகம் செய்கிறாள். அவர் வீட்டுப் பக்கம் போகும் உறுப்பினர்கள் ஒரு மாலை நேரத்தில் காது கொடுத்துக் கேட்கலாம்.