அசல் தகடும் மாற்றுத் தகடும்

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களையும் இருசக்கர வாகனங்களையும் பாரம்பரிய வாகனங்களாகப் பதிவு செய்வதற்கான விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் வெளியிட்டது. பதிவுக் கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். இவையெல்லாம் தெளிவானவை. ஆனால், வாகனம் அசல் வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்ற நிபந்தனைதான் விவாதத்துக்குரியது. துருப்பிடித்த தகட்டை அகற்றிவிட்டு, அதே வடிவில் புதிய தகட்டைப் பொருத்துவது மாற்றமா, பழுதுநீக்கமா?

சென்னையை அடுத்த வண்டலூரில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எண்ணிப் பாருங்கள். கடலோரக் காற்றிலும் மழையிலும் அரை நூற்றாண்டைக் கழித்த அதன் தரைத் தகடும் கதவின் அடிப்பகுதியும் அரித்துப்போயிருப்பதில் வியப்பில்லை. உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. அரித்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுப்போடலாம். ஓடாமல் நிற்கும் அதே ரகக் காரிலிருந்து பாகத்தைக் கழற்றிப் பொருத்தலாம். புதிதாகச் செய்த பாகத்தை வாங்கலாம்.

மூன்றாவது வழி மலிவானதாகத் தோன்றும். ஆனால், புதிய தகட்டின் துளைகளும் வளைவுகளும் பழைய உடற்கூட்டோடு இசைந்துவராவிட்டால், டிங்கர் வேலைக்கான நாள்கூலி அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். மேலும், திரும்பப் பெற முடியாத முடிவுகளைத் தனியே எடைபோட வேண்டும் என்பது பொருளியலின் பாடம். புதிய தகட்டை என்றைக்கும் செய்துகொள்ளலாம். குப்பைக்குப் போன அசல் தகட்டை மீட்க முடியாது. எனவே, ஐயம் எழும்போது அசலைக் காப்பதே விவேகம். பிரேக், ஸ்டீயரிங் போன்ற உயிர்காக்கும் பாகங்களுக்கு மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அங்கு பழமையைவிடப் பாதுகாப்பே முதன்மையானது.

இதைவிடப் பெரிய சிக்கல் சந்தையில் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்குலைகிறது என்பதை, பழைய கார் விற்பனையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வு அது. பளபளக்கும் வண்ணப்பூச்சின் அடியில் இருப்பது அசலா, மாற்றா என்று அறிய இயலாதவர், இரண்டுக்கும் நடுத்தரமான விலையையே தருவார். மாதக்கணக்கில் உழைத்து அசலைக் காத்தவர் நட்டமடைவார். நாளடைவில் அந்த உழைப்பையே கைவிடுவார்.

இதற்கான விடை தடையில் இல்லை, வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது. 1929, 1930 லெ மான் பந்தயங்களில் வென்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு விற்பது தொடர்பான வழக்கு 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. முதல் வெற்றியின்போது இருந்த பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. ஆயினும், அறுபடாத வரலாறு உடையதால் அது அதே கார்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பாகங்கள் மாறியபோதும் வாகனத்தின் அடையாளத்தைக் காத்தது அந்தத் தொடர்ச்சிதான். சர்வதேசப் பழமை வாகனக் கூட்டமைப்பின் டூரின் சாசனமும், மாற்றுப் பாகங்கள் அடையாளம் காணத்தக்கவையாக இருக்க வேண்டும், செய்த பணிகள் ஆவணமாக வேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

நம் விதிகளின்படி மாநில அளவிலான குழு வாகனத்தை ஆய்வு செய்கிறது. அப்போதே மாற்றப்பட்ட பாகங்களின் பட்டியலையும் புகைப்படங்களையும் பெற்றுப் பதிவு ஆவணத்துடன் இணைக்கலாம். புதிய தகடுகளில் கண்ணை உறுத்தாத இடத்தில் முத்திரை பொறிக்கச் செய்யலாம். இன்னொன்றும் அவசரமானது. பழைய வாகனங்களை அழிக்கும் கொள்கையும் 2021-இல்தான் தொடங்கப்பட்டது. உற்பத்தி நின்றுபோன ரகங்களின் கதவுகளும் மட்கார்டுகளும் உலைக்குப் போகும் முன் பிரித்தெடுக்கப்பட்டு, புதுப்பிப்போருக்குக் கிடைக்க வேண்டும்.

மாற்றியதை மறைக்காதவருக்கு விதி துணைநிற்க வேண்டும். மாறாக, மறைத்தவருக்கே பதிவு எளிதில் கிடைக்கும் என்றால், நாம் காக்கப்போவது பாரம்பரியத்தை அல்ல, அதன் மேற்பூச்சை மட்டுமே.