மருமகளுக்கு முதல் பந்தி

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கர்ப்பிணியைப் பார்க்க வரும் நர்ஸம்மாவை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். மாமியாரும் கூட இருக்கட்டும்.

“அதிகம் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்” என்று சோற்றைக் குறைப்பதும் தவறு. “இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்று திணிப்பதும் தவறு. சாதாரண உடல்வாகுள்ளவள் 10 முதல் 12 கிலோ கூடினால் நல்லது. மெலிந்தவள் சற்று அதிகமும், பருத்தவள் குறைவாகவும் கூடலாம். போதிய எடை ஏறாவிட்டால் குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கக் கூடும்.

ஆஸ்பத்திரித் தராசு எடையை மட்டுமே சொல்லும். எல்லோரும் உண்டபின் மிச்சம் மீதியை உண்பவள் யார் என்பது வீட்டுக்கு வருகிறவருக்கே தெரியும்.

சகோதரிகளே, இந்தப் பத்து மாதமாவது மருமகளுக்கு முதல் பந்தி போடுங்கள்!