நெய்வேலிக்குத் தங்கவயல் சொல்லும் பாடம்



"கரண்ட் எங்கேயிருந்து வருது தாத்தா?" என்று சென்ற வாரம் என் பேத்தி கேட்டாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். தங்கவயலில் பிறந்த எனக்கு இதற்குப் பெருமையோடு பதில் சொல்ல முடியும். சிவசமுத்திரத்தில் காவிரி நீரின் வேகத்தில் எடுத்த மின்சாரம், 1902-ஆம் ஆண்டு, ஏறத்தாழ 92 மைல் தூரம் கம்பியில் ஓடி வந்து சேர்ந்தது நம் கோலார் தங்கவயலுக்குத்தான். அதுவரை சுரங்க இயந்திரங்களை ஓட்டியது நீராவி.

ஆனால் இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதையும் அவளிடம் சொன்னேன். கரியைப் பொடியாக்கிக் கொதிகலனில் எரிக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகி, மிகுந்த அழுத்தத்தோடு டர்பைனைச் சுழற்றுகிறது. அதோடு பிணைந்த ஜெனரேட்டர் சுற்றும்போது மின்சாரம் பிறக்கிறது. எரியும் கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் போய்விடுகிறது.

"கரி தீர்ந்துட்டா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குத்தான் பதில் சொல்லத் தடுமாறினேன்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து, தலைமுறை தலைமுறையாக மண்ணுக்கடியில் இறங்கியவர்கள் நம் முன்னோர். தங்கம் உள்ளவரை வேலை உண்டு என்று நம்பினோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சியவை சயனைடு மண் மேடுகள். இன்றும் நம் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

நெய்வேலியும் பழுப்பு நிலக்கரியை நம்பி எழுந்த ஊர். 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அதன் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் புதிய நிலையம் வந்துவிட்டது, சூரிய மின்சாரமும் தயாரிக்கிறார்களே, கவலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். சூரியத் தகடுகளைப் பராமரிக்கச் சுரங்கத்துக்கு வேண்டிய அத்தனை கைகள் தேவையில்லையே! நிலம் கொடுத்தவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அப்போது எங்கே போவார்கள்?

புகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூடும் நாள் வந்தபின் மாற்று வேலை தேடுவது வீடு எரியும்போது கிணறு வெட்டுவதாகும். தொழிற்பயிற்சி, மாற்றுத் தொழில், குடியிருப்புக்கான உரிமை ஆகியவற்றைச் சுரங்கம் ஓடும்போதே உறுதி செய்ய வேண்டும். நெய்வேலியில் உறவினர் உள்ளவர்கள் நம் கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாம் பட்டது போதும், அவர்களாவது படாதிருக்கட்டும்.