திரும்பி வர்றதுக்குப் பணம் எடுத்து வெச்சிருக்கீங்களா?

மகேந்திரா சிட்டியிலயோ சிறுசேரியிலயோ வேலை பார்க்கிறீங்க. டிசம்பர்ல டீமோட கேதார்காந்தா டிரெக் போகலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல பேச்சு ஓடுது. டிரெக் கட்டணம், டேராடூன் ஃபிளைட், ஷூ, ஜாக்கெட், ரக்சாக்னு எக்செல் ஷீட்டும் ரெடி. "மலைக்கு எதுக்குச் செலவு, எஸ்ஐபில போடு"ன்னு நான் சொல்லப் போறதில்லை. இருபத்தஞ்சு வயசு முட்டி நாற்பத்தஞ்சுல கிடைக்காது, போயிட்டு வாங்க. ஆனா அந்த ஷீட்ல கிட்டத்தட்ட யாருமே எழுதாத ஒரு வரி இருக்கு: பாதியில திரும்பி வர்றதுக்கான பணம்.

நாம கடல் மட்டத்துல வாழுற ஆளுங்க. கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி, தலைசுற்றல்னு உயர நோய் ஆரம்பிக்கும். ஜிம் உடம்புக்கும் இதுல கேரண்டி கிடையாது. 3,000 மீட்டருக்கு மேல போனா, ராத்திரி தூங்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னு மருத்துவர்கள் சொல்றாங்க. அறிகுறி முத்தினா முதல் வைத்தியம், உடனே கீழே இறங்குறது.

இங்கதான் பணம் குறுக்கே வந்து நிக்கும். ரிஃபண்ட் இல்லாத டிக்கெட், கெஞ்சி வாங்கின லீவு, 'இவ்வளவு கட்டிட்டோமே'ங்கிற நினைப்பு. நஷ்டத்துல இருக்கிற ஷேரை விக்க மனசு வராம ஆவரேஜ் பண்ணிக்கிட்டே போறோமே, அதே புத்திதான் மலையிலயும் வேலை செய்யும். ஷேர்ல போனா பணம் மட்டும்தான் போகும்.

அதனால ரெண்டு நாள் கூடுதலா கணக்குப் போடுங்க. மாசம் 45,000 சம்பளம்னா ஒரு நாள் லாஸ் ஆஃப் பே 1,500, ரெண்டு நாளுக்கு 3,000. அதோட ரெண்டு ராத்திரி ரூம் வாடகை, கடைசி நேர டிக்கெட் விலை. இந்தத் தொகையைக் கிளம்புறதுக்கு முன்னாடியே 'செலவாயிடுச்சு'ன்னு எழுதிடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. இதைச் சேர்த்தா பட்ஜெட் இடிக்குதா? அப்போ டிரெக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டுப் போறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். "கம்பெனி பாலிசி இருக்கே"ன்னு அசால்ட்டா இருக்காதீங்க. ஹெல்த் பாலிசியில சாகச விளையாட்டு பத்தின விலக்கு, ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகப்படி, அதைத் தொழிலா செய்றவங்களுக்குத்தான். அதனால வருஷம் ஒரு தடவை மலை ஏறுற உங்க ஆஸ்பத்திரி செலவு கவர் ஆக வாய்ப்பு இருக்கு. ஆனா பர்சனல் ஆக்சிடென்ட், டிராவல் பாலிசிகள்ல பலதும் சாகசப் பயணத்தை மொத்தமா ஒதுக்கிடும். உங்களைத் தேடி மலையில இருந்து இறக்குற செலவு ஆஸ்பத்திரி பில்லே கிடையாது. 2024 ஜூன்ல உத்தரகாண்டோட சஹஸ்ர தால் பாதையில, கர்நாடகாவுல இருந்து போன குழு பனிப்புயல்ல சிக்கி 9 பேர் இறந்தாங்க. மிச்சம் பேரை மீட்க விமானப்படை ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது. டிரெக்குக்குன்னு தனி பாலிசி எடுக்கும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் செல்லும்? ஹெலிகாப்டர் மீட்பு உண்டா? டேர்ம் இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டா மறைக்காதீங்க. கிளெய்ம் சமயத்துல அலையப் போறது உங்க வீட்டு ஆளுங்க.

இதுக்கெல்லாம் காசு எங்க இருந்து வரும்? ஜாக்கெட்ல இருந்து! செங்கல்பட்டு வெயில்ல அதை எங்க போடுவீங்க, ஆபீஸ் ஏசியிலயா? ஜாக்கெட், ரக்சாக், ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும். ஷூ மட்டும் சொந்தமா வாங்கி, ரெண்டு மாசம் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்து பழக்குங்க. ஏற்றத்துக்குத் திருக்கழுக்குன்றம் மலைப்படி இருக்கு, 500 படிக்கு மேல, வாரம் ரெண்டு தடவை. கோயில் படிங்கிறதால வெறுங்கால்தான், பரவாயில்லை, மூச்சுக்குப் பயிற்சி. அப்படியே மாமல்லபுரம் போனா அர்ஜுனன் தபசைப் பாருங்க. பல்லவர் 7ஆம் நூற்றாண்டுல கடலோரமா செதுக்கி வெச்ச இமயமலைக் காட்சின்னுதான் சொல்றாங்க. ஒத்தக் கால்ல நிக்கிற தவசியோட விலா எலும்பை எண்ணிடலாம். மலை ஆளை என்ன செய்யும்னு அந்தச் சிற்பிக்குத் தெரிஞ்சிருக்கு.

நேரா இமயமலைக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம மாநிலத்துல ஒரு ஒத்திகை பாருங்க. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. சென்னையில ஐடி வேலை பார்த்தவங்களும் அதுல இருந்தாங்க, உங்க வயசுதான். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகளை வழிகாட்டியோட திறந்தாங்க. குரங்கணி–சாம்பலாறும் அதுல ஒண்ணு. காட்டுத்தீ காலத்துல பாதைகளை மூடிடுவாங்க, தேதி பார்த்து புக் பண்ணுங்க.