நூறு எக்ஸ் போன் இருக்க ஜூம் கேமரா எதற்கு?

கேமரா வாங்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். "இந்தக் காலத்தில் எவனாவது கேமரா வாங்குவானா? போனிலேயே நூறு எக்ஸ் ஜூம் வருகிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் டிஎஸ்எல்ஆர் வாங்கு. அதற்கும் கையில் காசில்லையா, எதில் எக்ஸ் அதிகமோ அதை எடு." மாமா சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் பெட்டி பிரிப்பவரும் சொல்கிறார். ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இது ஒரு கருத்துபோலத் தெரிகிறது. உண்மையில் நாலைந்து தனித்தனி வாதங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

விற்பனைக் கணக்கைக் காட்டித்தான் முதலில் மடக்குவார்கள். 2010-ல் ஜப்பானியக் கேமரா நிறுவனங்கள் உலகுக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் லென்ஸ் கழற்ற முடியாத சிறு கேமராக்கள் வெறும் 17 லட்சம் அளவில்தான் போயின. சரி, ஆனால் செத்தது எது? பண்டிகைக்குப் பண்டிகை தள்ளுபடியில் விற்ற மூன்று எக்ஸ், ஐந்து எக்ஸ் கேமராக்கள். பிறந்தநாள் கேக்கையும் குடும்பத்தையும் எடுத்த அந்த வேலையைப் போன் நியாயமாகவே பறித்துக்கொண்டது. ஏரியின் நடுத்திட்டில் நிற்கும் நாரையை எடுக்கும் வேலை இன்னும் அதன் கைக்குப் போகவில்லை.

"நூறு எக்ஸ் இருக்கிறதே!" இந்த எண்ணைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்சங் 2020-ல் எஸ்20 அல்ட்ராவோடு நூறு எக்ஸைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 2024-ல் வந்த எஸ்24 அல்ட்ராவை எடுத்துக்கொள்வோம். அதில் கண்ணாடி வழியாக நடக்கும் உண்மையான ஜூம் 5 எக்ஸ், 50 மெகாபிக்சல். அங்கிருந்து நூறுக்குப் போவது, எடுத்த படத்தின் நடுத்துண்டை வெட்டிப் பெரிதாக்குவது. அகலத்தில் 20-ல் ஒரு பங்கு, உயரத்தில் 20-ல் ஒரு பங்கு. ஆக 400-ல் ஒரு துண்டு. 50 மெகாபிக்சலை 400-ஆல் வகுத்தால் ஒன்றேகால் லட்சம் புள்ளிகள். மிச்சத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. நிலாப் படத்தில் இது சிரிப்பாய்ச் சிரித்தது. 2023-ல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து சாம்சங் போனால் எடுத்துக் காட்ட, அதில் இல்லாத பள்ளங்களெல்லாம் படத்தில் முளைத்தன. காட்சியில் நிலா இருக்கிறது என்று செயற்கை நுண்ணறிவு கண்டுகொண்டு விவரங்களைக் கூட்டுகிறது என்று நிறுவனமே விளக்கம் சொன்னது. நிலா எல்லோருக்கும் ஒரே நிலா, அதன் முகம் மென்பொருளுக்குத் தெரியும். வேடந்தாங்கலில் நீங்கள் பார்த்த கரண்டிவாயனின் அலகில் எத்தனை வரி என்று அதற்கு எப்படித் தெரியும்?

மென்பொருள் வளர வளர இதுவும் சரியாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். கேமரா லென்ஸின் விளிம்பில் பொடி எழுத்தில் எண்கள் இருக்கும். கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740-ல் '4.3–172.0 மி.மீ., 1:3.3–6.9' என்று இருக்கும். கடைசி மி.மீ.யைக் கடைசி எண்ணால் வகுங்கள். 172-ஐ 6.9-ஆல் வகுத்தால் 25. முழு ஜூமில் ஒளி நுழையும் துளையின் விட்டம் 25 மி.மீ. என்று பொருள். மேலே சொன்ன போனின் 5 எக்ஸ் லென்ஸுக்கு இதே கணக்கு சுமார் ஐந்தரை மி.மீ. தருகிறது. போனின் மொத்தக் கனமே 9 மி.மீ.க்குள். லென்ஸைப் படுக்கப் போட்டு, ஒளியை முப்பட்டகத்தால் மடக்கி உள்ளே அனுப்பினாலும் துளை அதற்கு மேல் பெரிதாக இடமில்லை.

துளை ஏன் முக்கியம்? ஒளி ஓர் அலை. துளை குறுகினால் அது பரவும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாய்க் கரைந்துவிடும். பச்சை ஒளிக்குக் கணக்குப் போட்டால், ஐந்தரை மி.மீ. துளை 100 மீட்டர் தொலைவில் 12 மி.மீ.க்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. 25 மி.மீ. துளை 2.7 மி.மீ. வரை பிரிக்கும். நிக்கான் பி950-ன் துளை 55 மி.மீ.; அது ஒன்றேகால் மி.மீ. வரை போகும். லென்ஸின் குறைகள், கைநடுக்கம், கானல் எல்லாம் இதற்கு மேல் வருகிற கழிவு. மென்பொருள் கழிவைக் குறைக்கலாம். துளைக்குள் நுழையாத விவரத்தைக் கொண்டுவர முடியாது. கோடியக்கரையில் வலசைப் பறவைகளின் காலில் மாட்டியிருக்கும் சிறு கொடிவளையங்களில் சில மி.மீ. உயரத்தில் எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்தைப் படித்துச் சொன்னால், அந்தப் பறவை எங்கே வளையமிடப்பட்டது என்று ஆய்வாளர்களுக்குத் தெரியவரும். 50 மீட்டரில் போனுக்கு அது ஒரு நிறத் திட்டு. நல்ல ஜூம் கேமராவுக்கு அது எழுத்து.

அடுத்த வாதம் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுடையது: "இந்தச் சின்னக் கேமராக்களின் சென்சார் 1/2.3 அங்குலம்தான். என் போனின் சென்சார் அதைவிடப் பெரிது." உண்மை, ஆனால் பெரிய சென்சார் இருப்பது போனின் முதன்மைக் கேமராவில். தூரத்துக்கு எடுக்கும் லென்ஸின் பின்னால் இருப்பது பெரும்பாலும் கேமராவில் இருக்கும் அளவுதான், அல்லது அதைவிடச் சின்னது. பகல் வெளிச்சத்தில் இந்த வாதம் நிற்காது.

இருட்டில் நிற்கும். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை. எஸ்எக்ஸ்740-ல் ஜூமை முழுக்க நீட்டும்போது, லென்ஸ் விளிம்பில் பார்த்த இரண்டாவது எண், அதாவது எஃப் எண், 3.3-லிருந்து 6.9-க்கு ஏறுகிறது. சென்சாருக்கு வரும் ஒளி நாலில் ஒரு பங்குக்கும் கீழே போகும். பள்ளி ஆண்டுவிழா அரங்கில் கடைசி வரிசையிலிருந்து மகளின் நடனத்தை இதில் எடுத்தால், ஒன்று கைகால்கள் கலங்கும், இல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறி முகமெல்லாம் புள்ளி தட்டும். போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்து இதைவிட நன்றாகச் சமாளிக்கும். கேமராவின் நடுக்கத் தடுப்பு இங்கே உதவாதா என்றால், அது உங்கள் கை நடுங்குவதைத்தான் தடுக்கும். ஆடுகிற பிள்ளையை நிறுத்தி வைக்காது. மேடையும் மண்டபமும்தான் உங்கள் தேவை என்றால் 40 எக்ஸ் கேமராவை வாங்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போது "எக்ஸ் எது அதிகமோ அதை எடு" என்ற அறிவுரைக்கு வருவோம். எல்லாவற்றிலும் அதிகப் பணம் வீணாவது இதனால்தான். எக்ஸ் என்பது தூரத்தின் அளவு அல்ல. லென்ஸின் கடைசி மி.மீ.யை முதல் மி.மீ.யால் வகுத்தால் வருவது, அவ்வளவே. பானசோனிக் எஃப்இசட்82 60 எக்ஸ், சோனி எச்எக்ஸ்400வி 50 எக்ஸ். எது தூரம் பார்க்கும்? இரண்டுமே, பழைய பிலிம் கேமராவின் கணக்கில் சொன்னால், 1200 மி.மீ.க்கு இணையான இடத்தில்தான் முடிகின்றன. முன்னது 20-ல் தொடங்குகிறது, பின்னது 24-ல். பத்து எக்ஸ் வித்தியாசம் முழுக்க அகலக் கோணத்தில் இருக்கிறது. கோபுரத்தை அருகில் நின்று முழுதாக எடுக்க அது உதவும், குருவிக்கு உதவாது.

துளைக் கணக்கைப் போட்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. பானசோனிக் எஃப்இசட்300 என்று 2015-ல் ஒரு கேமரா வந்தது. வெறும் 24 எக்ஸ், 12 மெகாபிக்சல். கடையில் இந்த இரண்டு எண்களையும் சொன்னால் வேறு மாடல் காட்டட்டுமா என்பார்கள். ஆனால் அதன் லென்ஸ் முழு ஜூமிலும் எஃப் 2.8-ஐத் தாண்டி ஏறாது. லென்ஸில் இருக்கும் கடைசி மி.மீ.யான 108-ஐ 2.8-ஆல் வகுங்கள்: 38 மி.மீ.க்கு மேல். எஸ்எக்ஸ்740-ன் 40 எக்ஸுக்கு 25 மி.மீ.தான். கேனானின் எஸ்எக்ஸ்70-க்கு 65 எக்ஸ். அதன் துளையும் இதே 38 மி.மீ. சென்சார் மூன்றிலும் ஒரே அளவு. அந்திவேளையில் வக்காக்கள் கிளம்பும் நேரத்துக்கு நான் எடுத்துப்போக விரும்புவது இந்த 24 எக்ஸைத்தான். 2014-ல் வந்த எஃப்இசட்1000 அதைவிடக் குறைவு, 16 எக்ஸ். ஆனால் சென்சார் ஓர் அங்குல வகை, பரப்பில் 1/2.3 அங்குலத்தைப்போல நாலு மடங்கு. மேடை எடுக்க ஆசைப்படும் பெற்றோருக்குக் குறைந்த செலவில் சரியான பதில், பழைய சந்தையில் நல்ல நிலையில் கிடைக்கும் ஓர் எஃப்இசட்1000.

எக்ஸின் உச்சத்தில் 2018-ல் வந்த நிக்கான் பி1000 நிற்கிறது: 125 எக்ஸ், 3000 மி.மீ. இணை. முழு ஜூமில் நிலா சட்டத்துக்குள் முழுதாக அடங்காது. எடை 1.4 கிலோ. அந்த நீளத்தில் பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே தனிக் கலை. நடுப்பகலில் ஏரிக்கு மேல் காற்று கொதித்தால் என்ன விலை கொடுத்தும் பயனில்லை. பி950 அதைவிட 400 கிராம் குறைவு, 2000 மி.மீ. இணையில் முடிகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுவே அதிகம்.

மெகாபிக்சல் வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. எஸ்எக்ஸ்740-ன் 20 மெகாபிக்சலில் ஒரு புள்ளியின் அகலம் 1.2 மைக்ரான். எஃப் 6.9-ல் ஓர் ஒளிப்புள்ளி சென்சாரில் விழும்போது 9 மைக்ரான் அகலத்துக்குப் படர்கிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் தடித்த சாக்பீஸால் எழுதுகிற கதை. கட்டங்களை இன்னும் பொடியாக்கி என்ன பயன்? முழு ஜூமில் ஏழெட்டு மெகாபிக்சலுக்கு மேல் அதில் உண்மையான விவரம் வராது. எஃப்இசட்300-ன் 12 அசட்டுத்தனம் அல்ல.

டிஎஸ்எல்ஆர் வாதம்தான் எல்லாவற்றிலும் பலமானது. பழைய கேனான் உடலும் 55–250 லென்ஸும் சேர்ந்து, நல்ல ஜூம் கேமராவின் விலைக்குள் கிடைத்துவிடும். என் கணக்குப்படியே அந்த லென்ஸின் துளை 45 மி.மீ.; சென்சாரோ பலமடங்கு பெரிது. 400 மி.மீ. இணை வரை அது எடுக்கும் படத்தை எந்தச் சிறு கேமராவும் எட்டாது. ஆனால் அதற்கு மேல் போக வேண்டும் என்றால் 150–600 லென்ஸ் வேண்டும். அதன் எடை மட்டுமே 2 கிலோ அளவு. விலை, உடலையும் பழைய லென்ஸையும் சேர்த்ததைத் தாண்டிவிடும். அறிவுரை சொல்பவர் இந்த இரண்டாவது செலவைச் சொல்வதே இல்லை. உடலோடு சும்மா கிடைக்கிற 18–55 லென்ஸ் மூன்று எக்ஸ்தான், அதனால் பறவைக்கு எந்தப் பயனும் இல்லை. எஸ்எக்ஸ்740 மொத்தமே 300 கிராம். கைப்பையில் கிடக்கும். பெரியது வீட்டு அலமாரியில் இருக்கும்போது பறவை வந்து உட்காரும்.

"புது மாடல் வரட்டும், காத்திரு" என்று சிலர் தள்ளிப்போடச் சொல்வார்கள். இந்த வகையில் வந்துள்ள புதியவற்றைப் பாருங்கள். 2024-ன் பானசோனிக் எஃப்இசட்82டி, 2025-ன் பானசோனிக் டிஇசட்99, நிக்கான் பி1100 மூன்றுமே பழைய உடல்களுக்கு யுஎஸ்பி-சி துளை போட்டு விட்டவை என்றே சொல்லலாம். அந்தச் சார்ஜர் துளை ஐரோப்பாவில் கட்டாயமானதால் வந்த மாற்றம் இது. டிஇசட்99-ல் ஒரு படி பின்னாலும் போயிருக்கிறார்கள்: முந்தைய டிஇசட்95-ல் இருந்த வியூஃபைண்டர் இதில் இல்லை. உச்சி வெயிலில் பின்திரை கறுத்துத் தெரியும்போது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்து நெற்றியில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பதுதான் 700 மி.மீ.யை ஆடாமல் நிறுத்தும். எனக்கு வியூஃபைண்டர் இல்லாத நீள ஜூமின் மேல் பெரிய மரியாதை இல்லை. அந்தக் குறை எஸ்எக்ஸ்740-க்கும் உண்டு. பைக்குள் அடங்குவதற்கு அது கொடுக்கும் விலை.

ஆகவே பழையதைத் தேடிப் போவதில் வெட்கமில்லை. பார்த்து வாங்க வேண்டும். ஜூமை முழுக்க நீட்டி, தூரத்து விளம்பரப் பலகையின் பொடி எழுத்தை எடுத்து, படத்தின் நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எங்கோ கீழே விழுந்த கேமரா. வெறும் வானத்தை முழு ஜூமில் எடுங்கள். சாம்பல் வட்டங்கள் தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. உள்ளே போய் வெளியே நீளும் லென்ஸ்கள் தூசியை உறிஞ்சும். இந்த வகைக் கேமராவைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலி சில சமயம் கேமரா விலையையே எட்டிவிடும். பேட்டரி கடையில் இன்னும் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பேரம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.