பூவையும் வாழைப்பழத்தையும் ஒரே பையில் வைக்காதீங்க



போன வெள்ளிக்கிழமை ஒரு பாட்டி பஸ் ஏறி நம்ம கோயிலுக்கு வந்தாங்க. முதல் நாள் சாயங்காலமே ஈப்போ லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் வாங்கி, அர்ச்சனைப் பழத்தோடு ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார். பிரித்துப் பார்த்தால் பாதிச் சரம் பழுப்பு. சாத்த முடியவில்லை. பாட்டி காசைப் பற்றிப் பேசவே இல்லை. "அம்மா ஏத்துக்கலையேப்பா" என்றார். எனக்கு மனசு தாங்கல.

பாட்டி, அம்மன் ஒண்ணும் சொல்லல. அது வாழைப்பழம் செஞ்ச வேலை.

பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்துக் காயைப் பழுக்க வைப்பதும் அதுதான், பூவைச் சீக்கிரம் வாட வைப்பதும் அதுதான். பையை இறுக்கிக் கட்டினால் வாயு வெளியே போகாது. உள்ளே வேர்த்து, அந்தத் தண்ணி இதழில் நின்று அழுகலும் சேரும். அர்ச்சனைத் தட்டில் அரை மணி நேரம் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. ராத்திரி முழுக்க வேண்டாமே.

சரத்தை வாழை இலையிலோ, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியிலோ சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்க. பழம் வெளியே இருக்கட்டும். ஆர்க்கிட்டை மட்டும் உள்ளே வைக்காதீங்க, அது வெப்ப நாட்டுப் பூ, அவ்வளவு குளிர் தாங்காது.

சாமி மேடை ஜாடிக்கு என் ஓட்டு செவ்வந்திக்குத்தான். கேமரன் மலையிலிருந்து வருவது, நமக்குப் பக்கம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை உண்டு, மறுக்கல. ஆனால் விமானம் ஏறி வருகிற மொட்டு நம் கைக்கு வரும்போதே பறித்து நேரமாகியிருக்கும். செவ்வந்திக் காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணிக்குள் மூழ்கும் இலையைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணி மாற்றினால் போதும். தண்ணியில் கிருமி பெருகினால் காம்பு அடைத்துக்கொள்ளும், பூவுக்குத் தண்ணி ஏறாது. வாட்ஸ்அப்பில் பெனடோல் போடச் சொல்றாங்க. பூவுக்கு என்ன தலைவலியா? ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அது போதும்.

"முதல் நாள் பூ சாமிக்கு ஆகாது" என்று சிலர் சொல்வீங்க. அன்று பறித்த பூதான் உத்தமம், நானும் ஒப்புக்கொள்கிறேன். வில்வமும் துளசியும் வாடினாலும் ஆகும் என்பது பெரியவங்க வழக்கம். ஆனால் விடிய ஆறு மணிக்கு வேலைக்கு ஓடுகிற பிள்ளைகள் வேறு எப்போது பூ வாங்குவது? வாங்கியதை வாடாமல் வைப்பதும் பக்திதான் என்பது என் கருத்து.

தோட்டத்தில் இருந்தபோது இந்தப் பேச்சே வந்ததில்லை. லயத்து வாசலில் செம்பருத்தி, நந்தியாவட்டை. பால் வெட்டப் போகும் முன்னே பறித்து மாரியம்மனுக்கு வைத்துவிட்டுப் போவாங்க. இப்ப தாமான் வீட்டில் எல்லாம் சிமெண்டுத் தரை. ஆனாலும் தொட்டியில் நந்தியாவட்டை வரும். என் வீட்டில் இரண்டு தொட்டி இருக்கு, பதியம் கேட்டால் தருகிறேன்.

இந்த வெள்ளியிலிருந்து மண்டப வாசலில் இரண்டு கூடை வைக்கிறோம், ஒன்று பூவுக்கு, ஒன்று பழத்துக்கு. பாட்டிக்கு ஒரு முழம் சரம் நான் வாங்கி வைத்திருக்கிறேன், வாழை இலையில் சுற்றி.